எட்டு முறை பூமியைக் காப்பாற்றியவர்

ஒரு வெளிநாட்டு மாவீரன் கோதண்டபாணியின் தொண்டையில் குடியிருந்தான். இவருடைய மொத்த உடம்பும் அவனுடைய ஒரு தொடைக்குக் காணாது. ஆனாலும் திரையில் அவன் ஆங்கிலத்தில் வாயசைக்க, தமிழில் இவர்தான் எட்டுப் படங்களாகப் பூமியைக் காப்பாற்றினார். முதல் படத்துக்குத் தியேட்டர் கொள்ளவில்லை. எட்டாவது படத்துக்கு, பூமி அழிந்தால் அழியட்டும் என்று ஜனம் வீட்டிலேயே இருந்துவிட்டது. அதில் மாவீரன் செத்தும் போனான். அழக்கூட ஆளில்லை.

"அடுத்த பார்ட் கிடையாதாம் சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று டப்பிங் ஸ்டுடியோ மேனேஜர் டீ கொடுத்து அனுப்பினார்.

இறங்கும்போது கரண்ட் போய் லிஃப்ட் நடுவழியில் நின்றது. கும்மிருட்டு. கூட வந்த சின்னப் பெண் வீறிட்டு அழுதாள். "ஒண்ணுமில்லடா செல்லம்" என்ற அம்மாவின் குரலே நடுங்கியது.

கோதண்டபாணி தொண்டையைச் செருமினார்.

"அஞ்ச வேண்டாம். நான் வந்துவிட்டேன்!"

லிஃப்டுக்குள் இடி உருண்டது. அழுகை சட்டென்று நின்றது.

"நீங்கதான் செத்துட்டீங்களே?" என்றாள் குழந்தை.

"படம் பார்த்தாயா?"

"ம். தியேட்டர்ல நானும் அப்பாவும் மட்டும்தான். நான் ரொம்ப அழுதேன் தெரியுமா?"

எட்டுப் படங்களில் இதற்குப் பதில் வசனம் யாரும் எழுதித் தந்ததில்லை. பிஞ்சுக் கையொன்று இருட்டில் துழாவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

"இனிமே போகக் கூடாது, சரியா?"

"போக மாட்டேன்" என்றார், அதே குரலில்.

கரண்ட் மட்டும் இப்போது வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார்.