பதினாறு எழுத்துச் சாவி

“என் கீயைக் களவாண்டு ஒரு வருசம் ஆச்சு. இதுவரைக்கும் ஆள் கெடைக்கல,” என்றான் ஜெபிஷ்.

2006 மே மாதம். இரணியலில் சுபிதாவைப் பெண் பார்க்க வந்திருந்தான். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று பெண்ணின் அப்பா ஜெபசீலன் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

“வீட்டுச் சாவியா?” சுபிதாவின் அம்மா நேசம்மாள் பதறினாள்.

“இல்ல மாமி. கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் கேம். நெட்ல மத்தவங்களோட வெளையாடணும்னா, சிடியோட வாற பதினாறு எழுத்துக் கீயை அடிக்கணும். மெயில்ல ஒரு வைரஸ் வந்து அதைக் களவாண்டுட்டுப் போயிட்டு.”

“அதை வெச்சு என்ன செய்வான்?”

“கடைகள்ல சல்லிசா வித்திருவான். வாங்குகவங்களுக்குக் களவு முதல்னு தெரியாது. இப்போ என் கீயை வெச்சு ஆரோ வெளையாடுகாங்க. அவங்க உள்ள இருந்தா நான் நுழைய முடியாது. ஞாயித்துக்கிழமை காலைல மட்டுந்தான் எனக்குக் கெடைக்கும்.”

சபைக் கமிட்டியில் இருக்கும் ஜெபசீலன், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்போ ஆராதனைக்குப் போகாம வெளையாடுவியளா?”

ஜெபிஷின் முகம் வெளுத்தது. தரகர் இஸ்ரவேல் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நேசம்மாள்தான் இருவரையும் தனியாகப் பேச முற்றத்துக்கு அனுப்பினாள்.

“பிடிக்கலேன்னா நேராச் சொல்லிருங்க. நான் வருத்தப்பட மாட்டேன்,” என்றான் ஜெபிஷ். வருத்தம் குரலிலேயே இருந்தது.

சுபிதா அவனைக் கூர்ந்து பார்த்தாள். “அந்தக் கீ ஓர்மை இருக்கா?”

பதினாறு எழுத்தையும் தடுமாறாமல் சொன்னான். பாதியிலேயே அவள் கண்கள் விரிந்தன. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஜெபிஷ் தன் செருப்பைத் தேடினான்.

கூடத்தில் ஜெபசீலன் மகளின் தோளைத் தொட்டார். “வேண்டாம்னா இப்பவே சொல்லிரு மக்களே. நான் பக்குவமாப் பேசிக்கிடுகேன்.”

“எனக்குச் சம்மதம்ப்பா. அவரு கீயை வெச்சு ஒரு வருசமா வெளையாடுகது நாந்தான்.”