பிரிச்சு சொல்லுங்க மேடம்

"மேடம், இன்னொருவாட்டி பிரிச்சு சொல்றீங்களா?"

மறுபடியும் மாதம்மாள்தான். ஷோபனாவுக்குத் தலை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, கலசப்பாக்கத்திலிருந்து கிளம்பி, போளூரில் பஸ் மாறி, ஜவ்வாது மலைக்கு ஏறி வந்திருந்தாள். மலை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நாலு பேருக்கு, வெளிநாட்டு வேலைக்காகப் பிரெஞ்சு வகுப்பு. அடுத்த வாரம் சென்னையில் பேச்சுத் தேர்வு.

'வாய்த்தால் மறுபடி தொடங்குவோம்' என்பதற்குப் பிரெஞ்சில் ஒரே வினைச்சொல். போர்டில் அதுதான் நீளமாகக் கிடந்தது.

"ரெ... கொ... மான்... ஸெ... ரியோன்." ஷோபனா மேஜையில் ஐந்து முறை தட்டினாள். "அஞ்சே துண்டு. கடைசியில எழுதியிருக்கற 'எஸ்' வாயில வரக்கூடாது. போதுமா?"

எல்லோரும் தட்டிக்கொண்டே சேர்ந்து சொன்னார்கள்.

"மேடம், இன்னும் ஒரேவாட்டி..."

"ஏழாவது வாட்டிங்க இது!"

"எங்களுக்கும் டைம் போவுது மேடம்," என்று முணுமுணுத்தாள் நர்ஸ் ஈஸ்வரி.

"தனசேகரன் சாரைப் பாருங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு கேள்வி கேட்டிருப்பாரா?" என்றாள் ஷோபனா.

கடைசி பெஞ்சில் லேப் டெக்னீஷியன் தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவார். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது மட்டும் அவர் வாய் அசையும்.

ஷோபனா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "மாதம்மா, கோச்சுக்காதீங்க. இந்தவாட்டி பரீட்சைக்கு நீங்க வேணாம். பேரை எடுத்துடறேன்."

"அப்டி சொல்லாதீங்க மேடம். இந்த வேலையத்தான் நம்பிக்கினு இருக்கேன்."

"அப்ப இந்தப் பக்கத்தைத் தனியாப் படிங்க. எங்கயாவது தடுமாறினா அவ்ளோதான்."

மாதம்மாள் எழுந்தாள். பக்கம் முழுக்க நீள நீளமான வினைச்சொற்கள். ஒன்றில்கூட நாக்கு இடறவில்லை. கடைசி 'எஸ்' ஓரிடத்திலும் எட்டிப் பார்க்கவில்லை. கடகடவென்று படித்து முடித்துவிட்டாள்.

ஷோபனாவுக்குக் கோபம் இரட்டிப்பானது. "எல்லாம் தெரிஞ்சிக்கினேதான் ரெண்டு மாசமா என்னைத் தட்ட வுட்டீங்களா? இன்னா விளையாட்டு இது?"

மாதம்மாள் புத்தகத்தை மூடினாள்.

"காரணம் சொல்லுங்க. இல்லாட்டி பரீட்சைக்கு வராதீங்க."

அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

கடைசி பெஞ்ச் கிறீச்சிட்டது. தனசேகரன் எழுந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"மே... மே... மே..."

அதற்குமேல் வரவில்லை. ஷோபனா திகைத்துப்போய் நின்றாள்.

தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் மெல்லத் தட்டித் தட்டி, ஒவ்வொரு துண்டாகச் சொன்னார்.

"தட்-டிச் சொன்-னாத்-தான்... எ-னக்-குத் திக்-கா-து. கேக்-க வெக்-கம். அ-தான்... அ-வங்-க கேட்-டாங்-க."