ஒன்பதாவது நிமிடத்தில் ஓம்

தாளம் சட்டென்று நின்றதும் கடைக்குள் இருந்த நாற்பது பேரும் கண்களை மூடிக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கியிலிருந்து வயதான ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. ஓம்.

எதிரொலிக் கருவி அந்த ஒற்றை ஒலியை வாங்கி, நீட்டி, ஆழமாக்கித் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. நாற்பது பேரும் அதோடு சேர்ந்து இழுத்தார்கள். முன்வரிசையில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் கன்னத்தில் கண்ணீர்.

யனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹாக்னியில் இசைத்தட்டுகள் விற்கும் கடை அது. சனிக்கிழமை பிற்பகல். அவனுடைய முதல் நேரடி ஆல்பம் அன்றைக்குத்தான் வெளியாகியிருந்தது. மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஒரு பழைய கிடங்கில், எண்ணூறு பேரை ஆடவைத்து அவன் இசைத்த சைக்கடெலிக் டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசை. குதிரைப் பாய்ச்சலாய் ஓடும் அந்தத் தாளம் ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு மூச்சு நேரம் நிற்கும். அங்கேதான் அந்தக் குரல்.

ஆல்பத்தின் உயிரே அந்த ஓரெழுத்தில்தான் இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார்.

யாருடைய குரல் என்று தட்டை வெளியிட்ட நிறுவனத்துக்காரர் கேட்டபோது, யாழ்ப்பாணத்துக் கோயில் ஒன்றில் எப்போதோ பதிவான மந்திரம் என்று சொல்லியிருந்தான். தன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மந்திரம் ஓதிய குடும்பம் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான். இரண்டும் அட்டையின் பின்பக்கத்தில் அச்சாகிவிட்டன.

ஆல்பம் ஓடி முடிந்தது. கையொப்பம் வாங்க வரிசை நின்றது. ஒவ்வொருவரும் அந்தக் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். அவன் தலையாட்டி, சிரித்து, கையெழுத்துப் போட்டான்.

கடைசியாக வந்தவள் தமிழ்ப்பெண். பெயர் விதுஷா என்றாள். ஈஸ்ட் ஹாமிலிருந்து வருகிறாளாம். தட்டை அவன் முன்னால் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, இது மந்திரமில்லைத்தானே. ஆரோ ஒரு அம்மா ஆருக்கோ ஓம் எண்டு பதில் சொல்லுறா. அவவிட்ட என்ன கேட்டவை?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவனிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பொய்யை அவன் இதுவரை ஆங்கிலத்தில்தான் சொல்லியிருந்தான். தமிழில் அது வாய்க்கு வரவில்லை.

கிடங்கில் அவன் இசைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா நகுலேஸ்வரி, விமானங்களைத் துப்புரவு செய்யும் காலை ஷிப்டை முடித்துவிட்டு, ஹவுன்ஸ்லோவிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள். அவன் அழைக்கவில்லை. யாரோ போனில் காட்டிய விளம்பரத்தில் மகனின் முகத்தைக் கண்டு, இடத்தைக் கேட்டறிந்து வந்துவிட்டாள். மஞ்சள் நிற வேலை ஜாக்கெட்டையும் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பார்த்த பின்வாசல் காவலர்கள் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டிருந்தார்கள்.

தாளத்தின் நடுவே திரும்பியவன், கை எட்டும் தூரத்தில் அவளைக் கண்டான். மேடை ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுக்கூடத் தாளத்தில் விழவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. முன்னால் நின்றவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. அந்தப் பக்கத்துப் படியில் நிறுவனத்துக்காரர் ஏறிவந்துகொண்டிருந்தார்.

யனுஷன் அவள் காதருகே குனிந்தான். சொன்னது மூன்று விநாடிப் பேச்சு.

அவன் சொல்லி முடிக்கவும் தாளம் நிற்கவும் சரியாக இருந்தது. அவளுடைய பதில் அந்த அமைதியில் தனியாக விழுந்தது. மேசையிலிருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள் அவள். மறந்தும் "போறன்" என்று சொன்னதில்லை. அன்று, சரி என்கிற பொருளில், "ஓம்" என்றாள். பிறகு "போறன்" என்றாள். எண்ணூறு பேரும் சேர்ந்து எழுப்பிய ஓம் முழக்கத்தில் இரண்டாவது சொல் அமுங்கிப்போனது.

படியில் இறங்கியவள் அந்தச் சத்தம் கேட்டு நின்றாள். எல்லோரும் கும்பிடுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, கூட்டத்தைப் பார்த்துத் தானும் இரண்டு கைகளையும் கூப்பினாள். அவன் அதைப் பார்த்தான். கூப்பிட்டிருக்கலாம். கைகள் கருவிகளின் மேல் இருந்தன. அடுத்த தாளத்தைத் தொடக்கினான்.

அவள் அதைப் பற்றி இன்றுவரை எதுவும் கேட்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறாள்.

ஸ்டூடியோவில் ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டபோது அவனுடைய மூன்று விநாடியும் அட்சரம் பிசகாமல் இருந்தது. ஒலிப்பதிவாளர் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் தன் கையாலேயே வெட்டினான். அவளுடைய ஓமை மட்டும் விட்டுவைத்தான். அது நன்றாக இருந்தது.

விதுஷா இன்னும் காத்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் அடுத்த முறைக்காகத் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். யனுஷன் பேனாவை மூடினான். அவள் முகத்தைப் பார்க்காமல், அன்றைக்குச் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"அம்மா, கீழ போய் நில்லுங்கோ. ஆரும் கேட்டால், கிளீன் பண்ண வந்தனான் எண்டு சொல்லுங்கோ."