கடைசி நாவலின் முடிவு

“துப்பறியும் ஜெயந்தோட அப்பாவைக் கொன்னது யாரு? சொல்லுமய்யா!”

“வாடகை கொடுத்து எடுத்துண்டு போய்ப் படியும், ஓய்! ஒவ்வொரு நாவலையும் ஓசியிலேயே கேட்டா எப்படி?”

எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவின் லெண்டிங் லைப்ரரி வாசலில் கைலாசநாதனும் கடைக்கார சம்பத்குமாரும் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ரயில்வே பென்ஷன் வாங்கும் மனுஷருக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று எங்களுக்கெல்லாம் சிரிப்பு.

சம்பத்குமார்தான் இறங்கி வந்தார். “யாரும் கொல்லலை. தனியாவே கிடந்து, தானாப் போய்ச் சேர்ந்துட்டார். அதைக் கண்டுபிடிச்சதும் ஜெயந்த் தொழிலையே விட்டுட்டான். இதோட தொடர் முடிஞ்சுது.”

“அழுதானா?”

“தேம்பித் தேம்பி அழுதான்.”

கைலாசநாதன் குரல் இறங்கியது.

“கதையிலாவது அழுதானே. என் பிள்ளை பாச்சு எழுதறதைக் கையால தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் அவனை வீட்டை விட்டுத் துரத்தினேன். காதால கேக்கமாட்டேன்னு சொல்லலியே! இனிமே அவன் எழுதலேன்னா, நான் என்னத்தைக் கேப்பேன்?”

அந்தத் தொடரை எழுதி முடித்த கையோடு, தை மாதமே பாச்சு பம்பாய்க்குக் குடிபோய், ஒரு மராட்டிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரியும். கைலாசநாதனிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.