சூசைதாசனின் தாகம்

"முதல் கோப்பை சூசை அண்ணைக்குக் குடுங்கோ. இவ்வளவு நாளும் இந்த மெஷினைப் பாத்து எல்லாரையும்விடக் கூடச் சிரிச்சவர் அவர்தானே" என்றார் ஊர்ச் சங்கத் தலைவர் இராஜேந்திரன்.

டூட்டிங் தேவாலய மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரிக்காமல் நின்றவர் யோகலிங்கம் ஒருவர்தான்.

மேசையில் அவர் செய்த இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில், காலையில் பிரைட்டன் கடலில் அள்ளிவந்த தண்ணீர். மறுபக்கத்தில், உப்பு நீங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழும் ஒரு சின்ன ஜக்கு. அது நிரம்புவதற்குள் சனம் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்துவிட்டது. கடல் தண்ணீரும் முடிந்துபோனது.

கடல் தாண்டி விட்டுவந்த ஊரில் கிணறெல்லாம் உப்பு. பவுசர் லொறி வந்தால்தான் குடிதண்ணீர். இதே மாதிரிப் பெரிதாய் ஒரு நிலையத்தை ஊர்க் கடற்கரையில் கட்டவேண்டும் என்பது யோகலிங்கத்தின் கனவு. வேலை முடிந்து வந்து, ஸ்ட்ரெதம் வீட்டுக் கராஜில் குளிரில் குந்தியிருந்து இந்த மாதிரியைச் செய்திருந்தார்.

சங்கத்தில் பாதிப்பேருக்கோ சங்கக் காசில் ஊர் வாசலில் வளைவு கட்டத்தான் ஆசை. வளைவில் பேர் வெட்டலாம். தண்ணீரில் பேர் வெட்ட ஏலாதே.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுத் தை மாதம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஊருக்குச் சாமான் அனுப்புவதென்றால் இப்போதுதான். இன்றைக்கு முடிவெடுக்காவிட்டால் அடுத்த பொதுக்கூட்டம் அடுத்த தையில்.

சூசைதாசன் கோப்பையை வாங்கினார். யோகலிங்கத்தைக் கண்ட இடமெல்லாம் "கடலைக் காய்ச்சுறவர் வாறார், வழிவிடுங்கோ" என்று பகிடி பண்ணுகிறவர். எந்த விழாவானாலும் மட்டன் ரோல்ஸை மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறவர் என்றும் பேர் எடுத்தவர்.

ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார். கண்ணை மூடினார்.

பின்வரிசைக்காரர் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

"எப்பிடி அண்ணை?" என்றார் யோகலிங்கம்.

சூசைதாசன் கோப்பையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடு தம்பி."

யோகலிங்கம் ஊற்றினார். அதுவும் போனது. மறுபடியும் கோப்பை நீண்டது.

"ரோல்ஸைத்தான் விடமாட்டார் எண்டு பாத்தா, பச்சைத் தண்ணியையும் விடமாட்டாராம்" என்றாள் முன்வரிசையில் இருந்த பெர்னடெற்.

"சூசை, எனக்கும் ஒரு வாய் வையும். தலைவரெண்டு நானும் பாக்கவேணுமெல்லோ" என்று இராஜேந்திரன் தன் கோப்பையோடு கிட்ட வந்தார். வளைவுக் கட்சிக்கும் அவர்தான் தலைவர்.

சூசைதாசன் ஜக்கையே தூக்கினார். அண்ணாந்து கடகடவென்று வாய்க்குள் விட்டார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுச் சனத்தைப் பார்த்தார்.

"மழைத் தண்ணி மாதிரி இருக்கு. இதுக்குப் பிறகும் ஆருக்கு வளைவு வேணும்? நிலையம் கட்டுவம். கையைத் தூக்குங்கோ."

சூசைதாசனே சொல்லிவிட்டார். பிறகென்ன. ஒன்று, இரண்டு என்று எழும்பிய கைகள் மளமளவென்று மண்டபத்தை நிறைத்தன. எண்ணத் தொடங்கிய இராஜேந்திரன் பாதியில் விட்டுவிட்டுத் தானும் கையைத் தூக்கினார்.

எல்லாரும் வந்து யோகலிங்கத்தின் கையைக் குலுக்கினார்கள். "ஒரு சொட்டுக்கூட எங்களுக்கு மிஞ்சேல்லையே" என்று குறையும் சொன்னார்கள்.

அவருக்கும் அதே குறைதான். ஆளுக்கொரு வாய் குடித்து, ஒவ்வொரு முகமும் மலர்வதைப் பார்க்கவேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பார். இந்த மனுசன் ஒருத்தனாய் விழுங்கிவிட்டானே. வென்ற நாளிலும் ஒரு ஜக்குத் தண்ணீருக்கு மனம் கறுவுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டபடியே கறுவிக்கொண்டு, ஜக்கைக் கழுவக் குசினிக்குள் போனார்.

அங்கே சூசைதாசன் குழாயடியில் குனிந்து, வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தாகம் தீரேல்லையோ அண்ணை?"

குத்தல் விளங்கியிருக்கும். ஆனால் அவர் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் ஆட்டினார்.

ஜக்கின் அடியில் கொஞ்சம் கிடந்தது. இதாவது எனக்குக் கிடைக்கட்டும் என்று யோகலிங்கம் வாய்க்குள் சரித்தார்.

அடுத்த கணமே துப்பினார். உப்பென்றால் உப்பு, பிரைட்டன் கடலேதான்.

நேற்று இதே இயந்திரத்தின் தண்ணீரில் அவர் மனைவி சந்திரவதனா தேத்தண்ணி போட்டுக் குடித்தவள். காரில் குலுங்கி வந்ததில் உள்ளே ரப்பர் வளையம் விலகிக் கடல் தண்ணீர் கலந்திருக்கவேண்டும். யோகலிங்கம் அதைச் சரிபார்க்காமலே இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்.

"அண்ணை, இது உப்பு."

"முதல் வாயிலேயே தெரியும்."

"பிறகேன் முழுக்கக் குடிச்சனீங்கள்?"

"விட்டிருந்தா மற்றவன் குடிச்சிருப்பானே" என்றார் சூசைதாசன், மேற்சட்டைக் கையால் வாயைத் துடைத்தபடி. "மெஷினை நீ நாளைக்கே திருத்திப்போடுவாய் தம்பி. எங்கட சனத்தை இன்னொருக்கா ஒண்டாக் கை தூக்க வைக்க ஆரால ஏலும்?"