ஜூடித் போட்ட நிபந்தனை

“பல்லைக் காட்டு” என்றான் ஆமோஸ்.

ஜூடித் காட்டினாள். சிறை முற்றத்தில் வரிசையாக நின்ற பெண்களில், பக்கத்தில் நின்றவள் அவள் விலாவில் இடித்தாள். “அவரு வாயில எத்தன மிச்சம் இருக்குன்னு நீயும் கேளுடி.”

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆமோஸும் சிரித்தான். அவனும் விலங்கோடு கப்பலில் வந்து இறங்கியவன்தான். தண்டனை முடிந்து, ஆற்றுக்கு மேலே காட்டில் கொஞ்சம் நிலம் கொடுத்திருந்தார்கள். கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பும் ஆஸ்திரேலியக் குடியேற்றமான நியூ சவுத் வேல்ஸில் நிலம் கிடைத்துவிடும், பெண் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. பெண் வேண்டுமென்றால் இந்தச் சிறைக்குத்தான் வரவேண்டும்.

“பால் கறப்பியா?”

“கறப்பேன்.”

“ரொட்டி சுடுவியா?”

“மாவு இருந்தா சுடுவேன்.”

“என்னையக் கட்டிக்கிட்டு வர்றியா?”

டப்ளினில் ஒரு துணிக்கட்டைத் திருடியதற்காக நாடு கடத்தப்பட்டவள் ஜூடித். அந்த முற்றத்தை விட்டு வெளியே போக அவளுக்கு இருந்த வழி இது ஒன்றுதான். ஆனாலும் அவள் உடனே தலையாட்டவில்லை.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நெல்லின்னு பேரு. நாலு வயசுல என் கையிலேருந்து பிடுங்கி அநாதை விடுதியில போட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு, கண்ணுலயே காட்டல. அவளையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா வர்றேன்.”

“எவனோ பெத்ததுக்கு நான் எதுக்கு ரொட்டி போடணும்?”

“என் பங்குலேருந்து போட்டுக்கறேன். உங்க மாவுல ஒரு பிடிகூடக் குறையாது.”

ஆமோஸ் வரிசையை இன்னொரு முறை பார்த்தான். ஒருத்தி இருமிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவனை முறைத்தாள்.

“சரி, கூட்டிட்டு வா” என்றான்.

மறு வாரம் பாதிரியார் மூன்று ஜோடிகளுக்கு ஒரே மூச்சில் கல்யாணம் செய்து வைத்தார். முடிந்த கையோடு மாட்டுவண்டி கிளம்பியது. அநாதை விடுதி போகிற வழியில்தான் இருந்தது.

“வீடு எப்படி இருக்கும்?” என்று கேட்டாள் ஜூடித்.

“மரப்பட்டைச் சுவரு, மண் தரை. மழை பெஞ்சா ஆறு வாசல் வரைக்கும் வரும்.”

“அக்கம்பக்கத்துல யாரு?”

“யாருமில்ல. ஆடு மேய்க்கப் போனா நானே ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் திரும்புவேன்.” அவன் மாடுகளைப் பார்த்தபடியே சொன்னான். “மொதல் பொண்டாட்டி அங்கதான் செத்தா. பேச ஆளில்லாம புத்தி பேதலிச்சுப் போச்சு. கடைசியில மரத்துக்கிட்டப் பேசிட்டிருந்தா.”

ஜூடித் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “நமக்குத்தான் நெல்லி இருக்காளே” என்றாள்.

விடுதி வாசலில் வண்டி நின்றதும் குதித்து இறங்கினாள். கதவைத் தட்டப் போனவள் திரும்பி வந்தாள்.

“என்னைய அடையாளம் தெரியுமா அவளுக்கு?”

“போய்ப் பாத்தாத்தானே தெரியும்? பொழுதுக்குள்ள ஆத்தைத் தாண்டணும், சீக்கிரம் வா.”

கதவு திறந்தது. மொட்டை அடித்த சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. விடுதிக்காரம்மாள் அவற்றை உள்ளே தள்ளிவிட்டு ஜூடித்தை அழைத்துப் போனாள்.

போனவள் வருவதாக இல்லை. ஆமோஸ் இரண்டு முறை புகையிலை போட்டுத் துப்பினான். சத்தம் போட்டுக் கூப்பிடலாம் என்று அவன் எழுந்தபோது, ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜூடித் வெளியே வந்தாள். அவள் பாவாடையில் இரண்டு முழங்காலிலும் ஈரமண் அப்பியிருந்தது.

“எங்க விழுந்து வாரின?”

“வழுக்கிருச்சு.”

“பொண்ணு கெடைச்சா அழுவேன்னு நெனைச்சேன். கண்ணு காஞ்சு கெடக்கு.”

“அழுது முடிச்சாச்சு. வண்டிய எடுங்க.”

குழந்தை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. “நெல்லி” என்று கூப்பிட்டுப் பார்த்தான் ஆமோஸ். அது மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“காது கேக்காதா இதுக்கு?”

“ரெண்டு வருஷம் யாரு இவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டா?”

“உன் ஜாடையும் இல்ல.”

“அப்பன் ஜாடை.”

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. ஆற்றங்கரை வந்ததும் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் பள்ளத்தில் இறங்கினான். ஜூடித் மூட்டையிலிருந்து தன் பங்கு ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை பாதியைத் தின்றது, பாதியைச் சட்டைக்குள் ஒளித்தது.

“ஒளிக்காத, நாளைக்கும் தருவேன்.”

குழந்தை நம்பவில்லை. சட்டையைக் கையால் பொத்திக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தது. எதிர்க்கரையில் காடு இருட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு வீடு, ஒரு புகை, எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“விடுதிக்காரம்மா உங்கள அம்மான்னு கூப்பிடச் சொன்னாங்க” என்றது குழந்தை. “கூப்பிடட்டுமா?”

ஜூடித் பள்ளத்தைப் பார்த்தாள். ஆமோஸ் காதுக்கு எட்டாத தூரத்தில் இருந்தான். குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“கூப்பிடு. என் நெல்லிய அந்த விடுதிக்குப் பின்னால பொதைச்சிருக்காங்க. உன் பேரு என்ன?”