ரிப்பன் பிரிக்காத பைபிள்

"பைபிளைத் திறந்தே பார்க்காதவளுக்குத் தலைவி பதவி! கேட்க ஆளில்லையா இந்த அநியாயத்தை?"

டீச்சர் கரண்டியை வைத்த வேகத்தில் சமையல் மேடை அதிர்ந்தது. கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காலங்காத்தால யாருக்கு இந்த அர்ச்சனை?"

"வேற யாரு? பக்கத்து வீட்டு டெய்லருக்குத்தான். நான் பைபிள் வாசிச்சிட்டிருக்கும்போதே போன் வருது. சபையில பெண்கள் குழுவுக்கு அவதான் தலைவியாம். பாஸ்டரே நேர்ல வந்து கேட்கப் போறாராம். தினமும் விடியுறதுக்கு முன்னால எழுந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிறவ நான். என்னைக் கண்டுக்க ஒரு நாதி இல்லை!"

"அவங்க தன்கிட்ட இருந்த ரெண்டு போர்வையில ஒண்ணை வாட்ச்மேனுக்குக் கொடுத்தாங்க. வருஷக்கணக்கா முகம் பார்க்காத நாத்தனார் வீட்டுக்குத் தானா போய்க் கையைப் பிடிச்சாங்க. பாஸ்டர் காதுக்குப் போகாதா? நீயும் உன் தங்கச்சிகிட்ட பேசிடேன்."

"அவளா வந்து பேசட்டும்! பேச்சை மாத்தாதீங்க. நான் வாசிக்கிற நேரத்துல இவ தையல் மிஷின் சத்தமே கேட்காது. மகாராணி தூங்குறா! ஜாக்கெட் வாங்கப் போனப்ப என் கண்ணால பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்த பைபிள், கட்டின ரிப்பன்கூடப் பிரிக்காம ஷோகேஸ்ல கிடக்கு."

பக்கத்து வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பாஸ்டர். டீச்சர் அகப்பட்ட துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?"

"அளவு கொடுக்க!"

டெய்லர் வீட்டில் நாற்காலி முழுக்கத் துணி. அதை ஒதுக்கிவிட்டு நுனியில் உட்கார்ந்திருந்தார் பாஸ்டர்.

"மறுக்காதீங்கம்மா. வேதத்தை வாழ்ந்து காட்டுறவங்க நீங்க."

டீச்சர் வாசற்படியிலிருந்தே குறுக்கிட்டாள்.

"பாஸ்டர், அந்த ஷோகேஸைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. ரிப்பனோட ஒரு பைபிள் இருக்கு. இவ அதைப் பிரிச்சதே கிடையாது. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க, பார்ப்போம்!"

டெய்லர் தலைகுனிந்தாள். டீச்சருக்குக் கரும்பு கடித்த மாதிரி இருந்தது.

"அக்கா சொல்றது நிஜம் பாஸ்டர். நானா படிச்சா ரெண்டாவது வரியில கண்ணு சொக்கிடும். அதனாலதான் எனக்கு வேண்டாம், அக்காவுக்கே கொடுங்கன்னு நீங்க வந்ததுலேருந்து மன்றாடிட்டிருக்கேன்."

பாஸ்டர் குழம்பினார். "அப்போ அந்தப் போர்வை? நாத்தனார் வீட்டுக்குப் போனது?"

டெய்லர் மிஷினை ஒட்டியிருந்த சுவரைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பக்கம் டீச்சர் வீட்டுக் கூடம்.

"இது சுவரில்லை பாஸ்டர், வெறும் அட்டை. அக்கா காலையில வாசிக்க ஆரம்பிச்சதும் மிஷினை நிறுத்திட்டு இதுல காதை வெச்சுக்குவேன். அன்னைக்கு அவங்க என்ன வாசிக்கிறாங்களோ, அன்னைக்கே அதைச் செஞ்சு பார்த்துடுவேன். அவ்வளவுதான்."

டீச்சர் கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது.

டெய்லர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை.

"நல்லவேளை, நீங்களே வந்தீங்கக்கா. இன்னைக்கு 'அன்பு பொறுமையா இருக்கும், தயவா இருக்கும்'னு வாசிச்சீங்க. அதுக்குள்ள போன் வந்து பாதியில நின்னுடுச்சு. அதுக்கு அடுத்து என்னக்கா வரும்? சொன்னா இன்னைக்கு அதைச் செஞ்சுடுவேன்."

டீச்சருக்கு அந்த அதிகாரம் முழுக்க மனப்பாடம்.

'அன்பு பொறாமைப்படாது' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.